ஏர்போர்ட்டார் எடுத்துக்கொண்ட நந்தவனம்

பிறை சூடிய பெருமானின் திருவடியை வணங்கித் தொடங்குகிறேன். எழுதுகோலை எடுக்குமுன் அவன் திருநாமத்தை ஒருமுறை சொல்வது என் வழக்கம். சினத்தோடு எழுத உட்காரும் நாளில் இருமுறை. இன்று இருமுறை சொல்லியிருக்கிறேன். நாளோ நல்ல நாள். ஆனித் திங்கள் முழுமதி. எங்கள் காரைக்காலில் பிச்சாண்டவர் வீதியுலா வரும் மாங்கனித் திருநாள். வேண்டுதல் பலித்தவர்கள் மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் மடியேந்திப் பிடிப்பார்கள். இப்படிப்பட்ட நாளில் ஒரு மனிதர்மேல் கோபம் பாராட்டுவது தகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த மனிதர் என் நந்தவனத்தை எடுத்துக்கொண்டார்.

உலகத்தில் எத்தனையோ விமான நிலையங்கள் ஆண்டுதோறும் வளர்ச்சி அறிக்கை வெளியிடுகின்றன. விரிவாக்கத் திட்டம் தீட்டுகின்றன. ஒரு செங்கல்கூட வைக்கப்படாத விமான நிலையத்துக்கு ஆண்டு தவறாமல் அறிக்கை வெளியிட்டு, அதை விரிவாக்கமும் செய்த ஒரே மனிதர் எங்கள் தெருக்காரர்தான். இதை எந்தச் சந்நிதியிலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன். பெற்றோர் இட்ட பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கக்கூடும். ஊருக்கு அவர் ஏர்போர்ட்டார்.

தொழில், வீடுகளுக்குப் பிளான் வரைந்து கொடுப்பது. துபாய்ப் பணத்தில் எழும் வீடானாலும், பிரெஞ்சுப் பென்ஷனில் எழும் வீடானாலும் அவருடைய பென்சில் பட்டாக வேண்டும். மனைவியை இழந்தவர். ஒரே மகள் சுதா, மணமாகிப் பாரிஸ் போய்விட்டாள். தலைப்பிரசவமான மறு வருடம் கணவனும் கைக்குழந்தையுமாக வந்தாள். சென்னையில் இறங்கிக் காரில் ஏறியவர்கள் காரைக்கால் வந்து சேர எட்டு மணி நேரம் ஆயிற்று. சீர்காழி தாண்டுமுன் குழந்தை மூன்று முறை வாந்தியெடுத்தது. வந்து சேர்ந்ததும் காய்ச்சலில் படுத்தது. விடுமுறை முழுவதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கழிந்தது. திரும்பிப் போகும்போது சலித்துப்போன அந்தப் பெண் காரில் ஏறியபடி ஒரு வார்த்தை சொன்னாள்.

"உங்க ஊருக்கு ஏரோப்ளேன் வரட்டும்ப்பா. அப்பறமா நான் வரேன்."

நம்ம ஊர் என்று சொல்லவில்லை. உங்க ஊர் என்றாள். அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. மறுநாள் காலை பெரிய தாளை விரித்து ஓடுபாதை வரையத் தொடங்கினார்.

எங்கள் ஊருக்கு விமான நிலையம் வரும் என்ற பேச்சு ஒன்றும் புதிதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் அது மேடையில் இறங்கும். வாக்கு எண்ணி முடித்ததும் பறந்துவிடும். அப்படிப் பேசியவர்கள்மேல் எனக்கு இன்றும் தீராத ஆத்திரம் உண்டு. ஒரு பேச்சை நம்பிக் காத்திருக்கும் வீடுகள் எத்தனை என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? எண்ணிப் பார்த்தவர் ஏர்போர்ட்டார் ஒருவரே. அவர் கணக்கில் ஒரே ஒரு வீடு இருந்தது.

ஆண்டறிக்கை வெளியிடும் நாள் மாங்கனித் திருநாள். இடம், ஹாஜியாரின் டிக்கெட் கடை. வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கெல்லாம் விமானச் சீட்டு எடுத்துக் கொடுப்பவர் ஹாஜியார். சந்தனம் பூசிய நெற்றியுடன் ஏர்போர்ட்டார் அந்தக் கடை வாசலில் நின்று முதல் அறிக்கையை வாசித்தார்.

"எதிர்பார்க்கப்படும் பயணிகள், மூணு."

"மூணு ஆயிரமா, மூணு லட்சமா?" என்று கேட்டார் ஹாஜியார்.

"மூணு பேருங்க."

தெருவே சிரித்தது. ஏர்போர்ட்டார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சென்னையில நாளைக்கு லட்சம் பேரு எறங்குறான். அதுல ஒருத்தனாச்சும் நம்ம வீட்டக் கேட்டு வரானா? நம்மது மூணுதான். ஆனா நிச்சயமான மூணு."

அடுத்த ஆண்டும் மூன்று. "சரிவு இல்லை" என்று பெருமிதத்தோடு அறிவித்தார். அதற்கடுத்த ஆண்டு நான்கு. வளர்ச்சியைக் கொண்டாடக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். அந்த நான்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கவிடாமல் கோபம் என் கண்ணை மறைத்திருந்தது. காரணம், வளர்ச்சி வந்தால் விரிவாக்கம் வருமல்லவா? விரிவாக்கத்துக்கு நிலம் வேண்டுமல்லவா? அவருடைய ஓடுபாதைக்கு அண்டையில் இருந்த நிலம் என் நந்தவனம்.

கோட்டுச்சேரிச் சாலையில் இருக்கும் அந்த நந்தவனத்திலிருந்து இறைவனுக்கு நாள்தோறும் பூ எடுத்துப் போவது எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரையாக வந்த பேறு. நந்தியாவட்டை, அரளி, பவழமல்லி, ஒரு வில்வ மரம், ஒரு கிணறு. முதல் விரிவாக்கத்தில் வில்வ மரத்தின் உச்சியில் காற்றுத் திசை காட்டும் துணிப்பையைக் கட்டினார், தாளில்தான். இரண்டாவதில் கிணறு தீயணைப்பு நிலையம் ஆயிற்று. மூன்றாவதில் அரளி வரிசைகள் இருந்த இடத்தில் 'பயணிகள் பெட்டி பெறுமிடம்' என்று அச்செழுத்தில் எழுதியிருந்தது.

"சிவனுக்குச் சார்த்தும் பூவின்மீது பெட்டியை உருட்டுவீரா?" என்று கொதித்தேன்.

"நந்தவனத்தாரே, ஆட்சேபணைய எழுத்துல குடுங்க. பொதுமக்கள் கருத்துக்கேட்பு வச்சிருக்கேன்" என்றார்.

கருத்துக்கேட்புக் கூட்டம் மறுநாளே நடந்தது. பொதுமக்கள் நான் ஒருவன். இரண்டு டீ வந்தது. என் நான்கு பக்க ஆட்சேபணையை அவர் ஒரு வரி விடாமல் படித்தார். ஓரிடத்தில் கண் கலங்கினார். பிறகு பென்சிலால் "நிராகரிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். டீக்கு அவரே காசு கொடுத்தார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

நான் விடுவேனா? மனு எழுதிக்கொண்டு ஓர் அரசு அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்த எழுத்தர் பொறுமையாகப் படித்தார்.

"விமான நிலைய விரிவாக்கத்த எதிர்க்கிறீங்க. சரிங்க. விமான நிலையம் எங்கங்க இருக்கு?"

"இல்லை."

"அப்ப எதுங்க விரியுது?"

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் ஏர்போர்ட்டார் எனக்காகக் குடையோடு நின்றிருந்தார். "வெயிலா இருக்குங்களே. என்ன சொன்னாங்க, தடை வாங்கிட்டீங்களா?" என்று கவலையோடு விசாரித்தார். இப்படிப்பட்டவரோடு எப்படிப் பகைமை பாராட்டுவது?

திட்டத்தில் வேறொரு குறையும் இருந்தது. அதையும் நானே கண்டுபிடித்தேன். வருகை மண்டபம் மூன்று வரைந்திருந்தார். புறப்பாட்டு மண்டபம் ஒன்றுகூட இல்லை.

"வந்து இறங்கியவர்கள் எப்படித் திரும்பிப் போவார்கள்? இது என்ன திட்டம்?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "வந்தவங்க ஏங்க போகணும்?"

மாங்கனித் திருநாளில் என் வீட்டு மாடி நிறைந்துவிடும். ஏர்போர்ட்டார் மட்டும் மாடிக்கு வரமாட்டார். கீழே வீதியில் நின்று, மேலிருந்து வரும் பழங்களின் சரிவை மரக் கோணமானியால் அளப்பார். "பாத்தீங்களா, இதே சாய்மானத்துல எறங்குனா பயணிக்கு அலுங்காது" என்று அக்கம்பக்கத்தாருக்கு விளக்குவார். ஓர் ஆண்டு ஒரு பழம் நேரே அவர் நெற்றியில் இறங்கியது. "ஓடுபாதை நீளம் பத்தல" என்று குறித்துக்கொண்டார். மறு மாதமே ஓடுபாதை என் நந்தியாவட்டைச் செடிகளுக்குள் முப்பது அடி நுழைந்துவிட்டது.

சென்ற ஆண்டு ஆனி தொடங்கியபோது ஹாஜியார் எனக்கு ஆள் விட்டிருந்தார். கடைக்குள் போனால் ஏர்போர்ட்டார் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அவருடைய செம்மண் நிறப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கிடந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊராதலால் தந்தை வழியில் வந்த குடியுரிமை. காலம் தவறாமல் புதுப்பிப்பார், ஒருமுறையேனும் பயன்படுத்தியதில்லை.

"பொண்ணு மூணாவது உண்டாயிருக்குது. எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாராம்" என்றார் ஹாஜியார். "ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டுத் தவிக்கிது. அப்பா, நீங்க வந்து கூட இருந்தாப் போதும்னு போன்ல அழுதிருக்கு. இவரு டிக்கெட்டே வேணாங்கறாரு."

"வேற ஊரு ஏர்போர்ட்டுல நான் ஏறமாட்டேங்க. கொள்கை" என்றார் ஏர்போர்ட்டார்.

"கொள்கையாம் கொள்கை! மூணு, நாலு, இப்ப அஞ்சுன்னு அறிக்கையில போட்டதெல்லாம் யாரைய்யா? உங்க மவ குடும்பந்தானே?" என்று சீறினார் ஹாஜியார்.

நான் விரல்விட்டு எண்ணினேன். மகள், மருமகன், முதல் குழந்தை, மூன்று. இரண்டாவது பிறந்த ஆண்டில் நான்கு. ஊரெல்லாம் சிரித்த வளர்ச்சி விகிதம் ஒரு வீட்டின் பிள்ளைப்பேறு. நான் நான்கு பக்கம் ஆட்சேபித்தது ஒரு தகப்பன் தன் பேரப்பிள்ளைகளின் பெட்டியை இறக்கிவைக்க வரைந்த இடத்தை. இத்தனை காலம் பக்திப் பனுவல்களை ஓதி நான் கற்றது என்ன? அன்று வந்த கோபம் முழுவதும் என்மேல் வந்தது. அதில் ஒரு பகுதியை அவர்மேல் திருப்பினேன்.

"பெற்ற பெண் அழைக்கிறாள். உமக்குக் கொள்கை ஒரு கேடா?"

அவர் நிமிர்ந்தார். "கொள்கையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எனக்கு ஒசரம்னா பயம். ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டமாட்டேன். அதான் அவங்கள இங்க எறக்கிடலாம்னு பாத்தேன்."

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார்: "உங்க மாடி எத்தன படிங்க, நந்தவனத்தாரே?"

"பதினெட்டு."

"அங்கேருந்து ஆரம்பிங்க."

மாங்கனித் திருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நாள்தோறும் காலையில் இரண்டு படி. நான் முன்னே நின்று கையைப் பிடித்துக்கொண்டு பதிகம் ஓதுவேன். ஹாஜியார் பின்னே நின்று இடுப்பைத் தாங்கிக்கொண்டு தம் வேதத்தில் எதையோ முணுமுணுப்பார். ஐந்தாம் நாள் பத்தாவது படியில் ஏர்போர்ட்டார் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன வுட்டுடுங்கய்யா. கண்ணக் கட்டுது."

"எழுந்திரும்! என் வில்வ மரத்து உச்சியில் துணிப்பை கட்டும்போது இந்தத் தலைசுற்றல் எங்கே போயிருந்தது?"

"அது தாளுலங்க!"

"தாளில் செய்த பாவத்துக்குத் தரையில் பரிகாரம். ஏறும்!"

திருநாளன்று நண்பகலில், வீதியில் பிச்சாண்டவர் எழுந்தருளி வரும் நேரத்தில், ஏர்போர்ட்டார் பதினெட்டாம் படியில் கால் வைத்தார். முகம் வெளுத்திருந்தது. கைப்பிடிச் சுவர்வரை நடந்தார். கீழே எட்டிப் பார்த்தார். வீதி முழுதும் ஏந்திய மடிகள். அவர் கையில் ஒரு மாம்பழத்தைக் கொடுத்தேன்.

"வேண்டுதல் பலிச்சவங்கதானே வீசணும்? எனக்கு இன்னும் பலிக்கலையே" என்றார்.

"நீர் மாடியில் நிற்கிறீர். அது என் வேண்டுதல். வீசும்."

வீசினார். கோணம் எதையும் பார்க்கவில்லை; கண்ணை இறுக மூடிக்கொண்டு வீசினார். கீழே ஒரு பெண் புடவைத் தலைப்பில் பிடித்துக்கொண்டு கும்பிட்டாள்.

அந்த ஆண்டு அறிக்கை வாசிக்கப்படவில்லை. பத்து நாள் கழித்து ஹாஜியாரே சென்னைவரை உடன்போய் ஏற்றிவிட்டு வந்தார். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடித்தவர் பாரிஸில்தான் விட்டாராம். மறுநாள் எனக்குப் போன் வந்தது.

"நந்தவனத்தாரே, இங்க ஏர்போர்ட்டப் பாத்தேங்க. பெருசுதான். ஆனா பூச்செடியே இல்ல. நம்மது மேல்."

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, தாயும் நலம். சின்னது கொஞ்சம் நடக்கத் தொடங்கட்டும், எல்லோருமாக வருகிறோம் என்று சுதாவே என்னிடம் சொன்னாள். எட்டு மணி நேரக் கார்ப் பயணமாயிற்றே என்றேன். "பரவால்லங்க மாமா. அப்பாவே இவ்ளோ தூரம் வந்துட்டாங்க. நம்ம ஊருக்கு வர்றதுக்கு எனக்கு என்ன?" என்றாள். நம்ம ஊர் என்றாள். அதை நான் கவனித்தேன்.

அவர் போகுமுன் வரைபடச் சுருளை என்னிடம் ஒப்படைத்திருந்தார். ஒருவர் நந்தவனத்தைக் கபளீகரம் செய்துவிட்டு, அதற்குக் காவலாக அந்த நந்தவனக்காரரையே வைத்துவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம் என்று படிப்பவர்களே சொல்லட்டும். நேற்று அந்தச் சுருளை விரித்தேன். பவழமல்லி நிற்கும் மூலை ஒன்றுதான் மிச்சமிருந்தது. பென்சிலை எடுத்து, எனக்குத் தெரிந்த அளவில் கோணல்மாணலாக ஒரு சதுரம் போட்டேன். 'புறப்பாட்டு மண்டபம்' என்று எழுதினேன். நில உரிமையாளருக்கு ஆட்சேபணை இல்லை என்று கீழே கையெழுத்தும் இட்டேன்.

இன்று காலை ஹாஜியார் கடை வாசலில் ஆண்டறிக்கையை நான் வாசித்தேன்.

"சென்ற ஆண்டுப் புறப்பாடு, ஒருவர். இவ்வாண்டு எதிர்பார்க்கப்படும் வருகை, ஆறு பேர்."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. ஹாஜியார் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

இதைப் படிக்கும் உங்கள் வாசலிலும் தொலைவில் இருக்கும் பிள்ளைகள் அலுங்காமல் வந்து இறங்குக. வந்தவர்கள் சில நாளேனும் தங்குக. பிறை சூடிய பெருமான் உங்கள் அனைவரையும் காத்தருள்க.