வணக்கம் வாங்காத தெரு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வைத்த வணக்கம் தையல்காரரைத் தாண்டிச் சுவரில் மோதி விழுந்தது. பன்னிரண்டு வருஷமாக எதிரெதிர்க் கடை. இன்றைக்கு மனிதர் ஆளே இல்லாத தெருவில் நடப்பவர்போலப் போய்விட்டார்.

'காதில் விழவில்லையோ என்னவோ' என்று கண்ணாடிக்காரர் தன்னையே தேற்றிக்கொண்டார். ஏற்கெனவே மனசு சரியில்லை. கடையில் நாலு பேர் சேர்ந்தால் மூச்சு முட்டியது. அதற்காகத்தான், வீட்டில் மூச்சு விடாமல், போன வாரம் மனநல ஆலோசகரிடம் போயிருந்தார்.

"நீங்க சொல்றது எதுவும் இந்த அறையை விட்டு வெளிய போகாது. பிடிக்கலைன்னா எப்ப வேணா நிறுத்திக்கலாம், அது உங்க உரிமை. உங்க பொறுப்பெல்லாம் இதுல இருக்கு. நிதானமா படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று அந்த அம்மாள் நாலு பக்கம் நீட்டினார்.

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுபவர் தன்னுடையதைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். சொல்ல வெட்கம். படித்த மாதிரி தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது வாரம், குரலை உயர்த்திப் பார்த்தார். "அண்ணே! நல்லா இருக்கீங்களா?"

மருந்துக் கடைக்காரர் வெளிறிப்போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

மூன்றாவது வாரம், கண்ணிலாவது படட்டும் என்று சிவப்புச் சட்டை போட்டுப் போனார். அதைப் பார்த்ததும் வாத்தியாரும் வங்கிக் காசாளரும் எதிர்ப்பக்கம் தாவினார்கள். நடைபாதையில் இவருக்கு முன்னால் ஆட்கள் ஓசையில்லாமல் விலகினார்கள். திரும்பிப் பார்த்தால், பின்னால் மறுபடி கூடியிருந்தார்கள்.

தான் செத்துப்போய், அதைச் சொல்லத்தான் ஆளில்லையோ? நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஓடியது. கொஞ்சம் அதிகமாகவே ஓடியது.

"யாருக்குமே என்னைத் தெரியலைங்க" என்று ஆலோசகரிடம் முறையிட்டார். "முதல்ல தையல்காரர், அப்புறம்..."

"பேர் ஊர் எதுவும் சொல்லாதீங்க!" அம்மாள் பதறிக் கையைத் தூக்கினார். "அதைப் பத்தி நான் பேசவே கூடாது."

அவர் முகம் மாறிய விதத்தைப் பார்த்து இவர் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

படியிறங்கித் தெருமுனை திரும்பினால், எதிரே மனைவி!

"என்னம்மா, நீ எங்க இந்தப் பக்கம்?"

அவள் இவர் கண்ணுக்குள்ளேயே பார்த்தாள். இமை அசையவில்லை. தோள்பை இவர் கையில் உரச, நிற்காமல் போய்விட்டாள்.

இருட்டும்வரை கடையில் பிரமை பிடித்து உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

"வந்துட்டீங்களா? காப்பி போடட்டுமா?"

"உனக்கு என்னைத் தெரியுதா?"

"இதென்ன கேள்வி?" என்றாள் அவள், திரும்பாமலே.

விடிந்ததும் ஆலோசனை மையத்துக்கு ஓடினார். வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் மூச்சிரைக்கச் சொன்னார்:

"நான் நிறுத்திக்கிறேம்மா. எனக்கு உரிமை இருக்கு."

அவள் கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"நாங்களே கூப்பிடணும்னு இருந்தோம் சார். இங்க வர்றவங்க வெளிய ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டதுல மூணாம் பக்கத்துல இருக்கே! நீங்க போற வர்றவங்களுக்கெல்லாம் வணக்கம் வைக்கிறீங்கன்னு பதினாறு புகார் வந்தப்பகூடப் பொறுத்துக்கிட்டோம். நேத்து ஒருத்தரைத் தெருமுனையில மறிச்சு 'என்னம்மா'ன்னே கூப்பிட்டீங்களாமே!"