பந்தை முட்டும் மருமகளைப் பற்றி அக்காவுக்கு

அன்பிலும் அதட்டலிலும் குறை வைக்காத அக்கா அவர்களுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூன்று பேரில் இரண்டு பேர் சௌக்கியம். மூன்றாவது ஆள் நான். நீங்களும் அத்தானும் அங்கே திடமாக இருக்க வேண்டும், ஏனென்றால் எனக்குப் பக்கபலமாக நிற்க ஆள் தேவைப்படுகிறது.

உங்கள் மருமகள் இனிமேல் கால்பந்து ஆடக் கூடாது என்று தீர்மானமாக முடிவெடுத்துவிட்டேன். அத்தை என்ற முறையில் நீங்களும் அவளைக் கண்டித்து எழுத வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

பதினைந்து வயதுப் பெண், தடுப்பாட்டக்காரி, மைதானத்தில் அவளுக்குச் ‘சுவரு’ என்று பெயர். எதிரணி உதைத்த பந்து வானத்தைத் தொட்டுவிட்டு இறங்கும், மற்றப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்வார்கள், இவள் மட்டும் எழும்பி நெற்றியால் ஒரு முட்டு, பந்து வந்த வழியே ஓடும். நானும் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளை உலுக்கி “என் பொண்ணு, என் பொண்ணு” என்று கத்துவேன். வாரம் நாலு நாள் பயிற்சி, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முட்டு. ஒருநாள் பார்த்தால் பாடப் புத்தகத்தில் வரிக்கு வரி விரலை வைத்துப் படிக்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் நான் சும்மா இருப்பேனா? கடைக்கு இழுத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். பார்வை சுத்தம். சுவரில் மாட்டிய எழுத்து அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிற அச்சகத்தின் பெயரைக்கூட வாசிச்சுட்டா. சரி என்று பென்சிலைத் தூரத்திலிருந்து மெல்ல மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து, ரெண்டா தெரிஞ்சா சொல்லுன்னேன். வழக்கமாக அவளுக்கு ஆறு சென்டிமீட்டரில்தான் ரெண்டாகும். அன்றைக்குப் பதினொன்றிலேயே சொல்லிட்டா.

“எங்கயாவது அடிபட்டுச்சா?”

“இல்லப்பா.”

“மயக்கம்?”

“இல்லப்பா. முட்டினா கொஞ்ச நேரம் தலை விண்ணுன்னு இருக்கும். எல்லாருக்கும்தான்.”

அந்த ‘எல்லாருக்கும்தான்’ காதில் விழுந்ததும் கடையைப் பூட்டிவிட்டேன் அக்கா. நரம்பு டாக்டரிடம் ஓடினோம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. “பெரிய அடி எதுவும் இல்லை. சின்னச் சின்ன குலுங்கல்தான். தனித்தனியா பார்த்தா ஒண்ணுமில்ல, விடாம சேரும்போது கண்ணும் மூளையும் ஒத்துப்போறது கொஞ்சம் தள்ளாடுது. ஓய்வு குடுங்க. வருஷக்கணக்கா போனா என்ன ஆகும்னு எங்களுக்கே இன்னும் முழுசா தெரியல. வளர்ற வயசு, குறைச்சுக்கிறது நல்லது” என்றார் அந்த டாக்டரம்மா. ஹெல்மெட் மாட்டலாமா என்று கேட்டேன். மண்டைக்குள்ள குலுங்குறதை அது நிறுத்தாதாம். வீட்டுக்கு வந்து அலமாரி மூலை, கதவு நிலை எல்லாவற்றிலும் பஞ்சு ஒட்டினேன். “முதல்ல உங்க தலைக்கு ஒட்டுங்க” என்றாள் உங்கள் தம்பி மனைவி.

மூன்று வாரம் ஓய்வு, பென்சில் மறுபடி ஆறுக்கு வந்தது. நான் நிம்மதியாகத் தூங்கப் போனேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? என் பென்சிலையும் ஸ்கேலையும் மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அணியில் மீதிப் பத்துப் பேரையும் பயிற்சிக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை அளந்து எழுதிவிட்டாள். ஏழு பேருக்குத் தள்ளிப் போயிருக்கு! நோட்டை நேரே கோச்சிடம் நீட்டினாள். அவர் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவில் ஜன்னல் சாத்துவார்கள். “முட்டாம என்ன தடுப்பாட்டம்? நாங்க முட்டலையா? எங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு?” என்று கத்தினார். இவள் குரலை உயர்த்தவே இல்லை. “உக்காருங்க சார். பென்சிலைப் பாருங்க” என்றாள். மனுஷன் உட்கார்ந்தார். ஒரு முழத்துக்கு அந்தப் பக்கமே அவருக்குப் பென்சில் ரெண்டாகிவிட்டது! அது வயசுக் கோளாறாகவும் இருக்கலாம், தொழில் தர்மத்துக்காகச் சொல்கிறேன். ஆனால் அங்கே நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளே சட்டம் மாறியது. வாரத்துக்கு ஒரு நாள், பத்தே முட்டு, அதுவும் லேசான பந்தில். தலை விண்ணென்றால் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. போன வாரம் பெரிய ஆட்டம். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வுக் குழு நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறது. கடைசிக் கால் மணியில் ஒரு பந்தை முட்டியவள், நின்றாள், கையைத் தூக்கினாள், தானாக நடந்து வெளியே வந்துவிட்டாள். சுவர் போன இடத்தில் கோல் விழுந்தது. தோற்றோம். பஸ்ஸில் அழுவாள் என்று கைக்குட்டையை எடுத்து வைத்தேன். “அப்பா, எனக்கப்புறம் ரெண்டு பேர் கையைத் தூக்கினாங்க, பார்த்தீங்களா? முன்னாடியெல்லாம் யாரும் சொல்லவே மாட்டோம்” என்றாள் சிரித்துக்கொண்டே. கைக்குட்டை எனக்குத்தான் உதவியது. இந்தத் தெளிவு எனக்கு நாற்பத்தெட்டு வயதிலும் வரவில்லை அக்கா. இருந்தாலும் அப்பன் மனசு கேட்கவில்லை. ஆட்டம் வேண்டாம், முடிவு முடிவுதான்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வயது நல்ல கண்ணோடும் நல்ல தலையோடும் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
மனம் மாறாத தம்பி

பி.கு.: தேர்வுக் குழு அவளைத்தான் முதலில் எடுத்திருக்கிறது. சம்மதப் படிவத்தில் இன்று காலையே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது ஸ்டேஷனுக்கு வர முடியாது, பயிற்சியில் யார் எத்தனை முட்டு என்று எண்ணுகிற வேலையைக் கோச் எனக்குக் கொடுத்திருக்கிறார். நேராக மைதானத்துக்கு வந்துவிடுங்கள். எண்ணுகிறவன் கைதட்டக் கூடாதாம். எனக்குப் பதிலாக நீங்கள்தான் தட்ட வேண்டும்.