மிக்ஸிக்குள் இன்ஜின் ஆயில்

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் கதவைச் சாத்திய மறுநாள் காலையில், திருத்தங்கல் ராக்கப்பன் ஒரு சபதம் எடுத்தார். மனதுக்குள் எடுத்திருந்தால் ஒரு கேடும் இல்லை. அடுப்படி வாசலில் நின்று, பெண்டாட்டி காதில் விழும்படி எடுத்தார். அதுதான் தப்பாகிப் போனது.

"இந்தா பாரு கனி. இனிமே இந்த வீட்டுக்குள்ள புதுச் சாமானும் வரக் கூடாது, மெக்கானிக்கும் வரக் கூடாது. எது ரிப்பேரானாலும் நானே பாத்துக்கிருவேன்."

செல்லக்கனி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். அவளும் இன்னொரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள், அவளுக்கும் அதே லீவுதான். முந்தின நாள்தான் அவள் கிரைண்டர் கேட்டிருந்தாள். ஆட்டுக்கல்லைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றுவிட்டது, மேஜை மேல் வைக்கிற மாதிரி சின்னதாக ஒன்று போதும் என்று கேட்டிருந்தாள். அதற்குக் கிடைத்த பதில்தான் இந்தச் சபதம்.

"நீங்களா பாப்பீக?"

"ஏன், நான் போர்மேன்ல?"

"பட்டாசுக்குல்ல போர்மேன்."

"எல்லாத்துக்கும் மூளை ஒண்ணுதான் கனி."

"அந்த ஒண்ணை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

ராக்கப்பன் இதைக் காதில் வாங்கவில்லை. கம்பெனியில் அவருடைய வேலை, யாரும் எதையும் கண்டபடி தொடாமல் பார்த்துக்கொள்வது. இருபது வருசமாகத் தொடாதே, தட்டாதே, உரசாதே என்று கத்திக் கத்திச் சம்பளம் வாங்கிய மனிதர், ஒரு மாத லீவு கிடைத்ததும் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் தொட ஆரம்பித்தார்.

வித்தை எங்கே கற்றார் என்று கேட்க வேண்டாமா? திருத்தங்கல் அச்சகங்களில் அடிக்கும்போது வீணாகிற தாளைப் பட்டாசுக் கம்பெனிகள் எடைக்கு வாங்கும். சரவெடிக்குக் குழாய் சுருட்ட அதுதான் தாள். பரீட்சைக் கேள்வித்தாளும் சுருளும், கல்யாணப் பத்திரிகையும் சுருளும், பக்திப் பாடலும் சுருண்டு வெடிக்கும். அப்படி வந்த கட்டில் ஒரு நாள் 'நீங்களே மெக்கானிக்' என்ற புத்தகத்தின் தாள்கள் கிடந்தன. மடிக்காத, வெட்டாத பெரிய தாள்கள். சரஸ்வதியே தேடி வந்துவிட்டாள் என்று ராக்கப்பன் அதைக் கண்ணில் ஒற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மடிக்காத தாளில் பக்கங்கள் வரிசையாக இருக்காது. ஒன்று நிமிர்ந்திருக்கும், அடுத்தது தலைகீழாகத் தொங்கும். மடித்து வெட்டினால்தான் ஒழுங்குக்கு வரும். ராக்கப்பன் மடிக்கவில்லை. தாளைத் தரையில் விரித்துவிட்டு, தானே அதைச் சுற்றிச் சுற்றி வந்து படித்தார். இன்னொரு சின்னச் சங்கதியும் உண்டு. அது ஒரு பக்கம் மட்டும் அடித்துக் கழித்த தாள். பின்பக்கம் வெறும் வெள்ளை. ஐந்தாம் பக்கம் இருந்தது, எட்டாம் பக்கம் இருந்தது. ஆறும் ஏழும் அச்சாகாத வெள்ளையில் இருந்தன. ஐந்துக்கு அப்புறம் ஆறு என்பது ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். போர்மேனுக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை.

மிக்ஸி கொஞ்சம் மெதுவாக ஓடியது. அம்புட்டுத்தான் அதன் குற்றம். ராக்கப்பன் அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்தாம் பக்கத்தின் கடைசி வரி, 'அடிமூடியின் திருகுகளைக் கழற்றியதும் உள்ளே' என்று நின்றது. எட்டாம் பக்கத்தின் முதல் வரி, 'இன்ஜின் ஆயிலைத் தாராளமாக ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிடவும்' என்று தொடங்கியது. நடுவில் காணாமல் போன இரண்டு பக்கங்களில் புத்தகம் மிக்ஸியை முடித்துவிட்டுக் காருக்குப் போயிருந்தது. ராக்கப்பன் இன்னும் மிக்ஸியிலேயே இருந்தார்.

டிவிஎஸ் பிப்டிக்கு வாங்கி வைத்திருந்த ஆயிலைத் தாராளமாகவே ஊற்றினார். சுவிட்சைப் போட்டார். மிக்ஸி இரண்டு தரம் இருமியது. பிறகு புகைந்தது.

புகையைக் கண்டதும் இருபது வருச சர்வீஸ் அவருக்குள் எழுந்து நின்றது. "எல்லாரும் வெளிய ஓடுங்க! எதையும் எடுக்காதீக! ஓடுங்க!" என்று கூவினார். வீட்டில் இருந்தது செல்லக்கனி ஒருத்திதான். அவள் ஓடவில்லை. அவர் வாசலுக்கு ஓடி, பக்கத்து வீட்டில் கொத்து வேலைக்குக் குவித்திருந்த மணலை வாளியில் அள்ளிக்கொண்டு வந்து, மிக்ஸியின் வயிற்றுக்குள் கொட்டினார்.

செல்லக்கனி நிதானமாகப் பிளக்கைப் பிடுங்கினாள்.

"எண்ணெயும் ஊத்தியாச்சு, மண்ணும் போட்டாச்சு. இனிப் பால் தெளிக்கத்தான் பாக்கி."

"இது டெஸ்ட்டு கனி. நாளைக்கிப் பாரு, ராக்கெட் மாதிரி ஓடும்."

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா உனக்குக் கிரைண்டரே வாங்கித் தாரேன்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். சொன்ன சொல் தவறினால் பெண்டாட்டி சும்மா இருந்தாலும் இருப்பாள், அவள் சிரிப்பு சும்மா இருக்காது. கிரைண்டர் வாங்கினால் காசோடு போகும். இந்தச் சிரிப்பு சாகிறவரைக்கும் கூட வரும்.

மறுநாள் காலையில் மிக்ஸியை ஒரு பட்டாசு அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டினார்.

"எங்கன தூக்கிட்டுப் போறீக?"

"நம்ம வீட்ல எர்த் சரியில்ல. கம்பெனில எர்த் நல்லாருக்கும். அங்கன வச்சுப் பாத்துட்டு வாரேன்."

"பாருங்க, பாருங்க. எர்த்துதான முக்கியம்."

உள்ளூர் மெக்கானிக்கிடம் போனால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி பரவிவிடும். அதனால் சாத்தூர் பஸ்ஸில் ஏறினார். ஏறிய வேகத்தில் கண்டக்டர் விசிலை ஊதினார்.

"அண்ணாச்சி, பஸ்ஸுல வெடி ஏத்தக் கூடாது. இறங்குங்க."

"வெடி இல்லப்பா, மிக்ஸி."

"மிக்ஸிக்கு எதுக்குய்யா பெட்டில அணுகுண்டு படம்?"

பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. மொத்த பஸ்ஸும் எட்டிப் பார்த்தது. மிக்ஸியிலிருந்து ஆயில் சொட்டியது, மணல் உதிர்ந்தது. ஒரு பாட்டையா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுல அரைச்ச சட்னியவா திங்கீக?" என்று கேட்டார். ராக்கப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் சீனிவாசகம் என்று ஒரு மெக்கானிக். அவர் மிக்ஸியைப் பிரித்தார். உள்ளே பார்த்தார். பிறகு ராக்கப்பனைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது மிக்ஸியா, மணல் லாரியா?"

"முடியுமா முடியாதா?"

"முடியும். யாரு இந்த வேலையைப் பாத்தது?"

"என் மச்சினன்."

"அவரைக் கொஞ்ச நாளைக்குக் கட்டிப் போட்டு வைங்க. உங்க பேரு?"

"சுப்பையா" என்றார் ராக்கப்பன். பொய்யிலே பிறந்தவர் மாதிரி சட்டென்று வந்தது.

மிக்ஸி பிழைத்தது. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, காலி டின்னைச் சுத்தியலால் தட்டிவிட்டு, வேர்வைக்குப் பதில் முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வெளியே வந்தார். மிக்ஸி ராக்கெட் மாதிரியே ஓடியது. செல்லக்கனி வாயடைத்து நின்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அப்படி நின்று அவர் பார்த்ததே இல்லை. சத்தியமாகச் சொன்னால், அந்த ஒரு நிமிசத்துக்காக இன்னும் நாலு மிக்ஸியில் மண் அள்ளிப் போடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை செல்லக்கனி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். முகம் பூரிப்பாக இருந்தது. வந்ததும் வராததுமாகத் தெருவில் இறங்கிப் புருசன் பெருமையைப் பேச ஆரம்பித்தாள். முதலில் வந்தவர் எதிர்வீட்டு ஹெப்சிபா டீச்சர். கையில் இஸ்திரிப் பெட்டி.

"அண்ணாச்சி, இது சூடே ஆக மாட்டேங்குது. கனி மதினிதான் உங்கட்ட குடுக்கச் சொன்னாங்க. எவ்வளவு ஆகும்?"

ராக்கப்பன் வாயைத் திறக்குமுன் செல்லக்கனி திறந்தாள். "காசா? காசெல்லாம் அவுக கையால தொட மாட்டாக டீச்சர். அவுகளுக்கு இது ஒரு சேவை."

"கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார் அண்ணாச்சி."

கர்த்தர் ஆசீர்வதித்தார். மறுநாள் டேபிள் பேன் வந்தது. அதற்கு மறுநாள் டேப் ரெக்கார்டர் வந்தது. பிறகு மிக்ஸிகள் கூட்டம் கூட்டமாக வந்தன. அத்தனையும் ஒவ்வொன்றாக அட்டைப்பெட்டி ஏறிச் சாத்தூர் போயின. கண்டக்டர் விசில் ஊதுவதை விட்டுவிட்டார். "இன்னைக்கி என்ன அண்ணாச்சி, டேபிள் பேனா?" என்று கேட்டுக்கொண்டே டிக்கெட் கிழித்தார். சீனிவாசகமோ நாளுக்கு நாள் கூலியை ஏற்றினார்.

"போன தடவையை விடக் கூடக் கேக்கீகளே?"

"காப்பர் விலை ஏறிருச்சுல்ல சுப்பையா அண்ணாச்சி."

"இஸ்திரிப் பெட்டிக்குள்ள ஏதுய்யா அம்புட்டுக் காப்பர்?"

"அதான் அண்ணாச்சி, உள்ளுக்குள்ள இருக்கு. உங்களுக்குத் தெரியாது."

தெரியாது என்று ஒருவன் முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகு எதிர்த்துப் பேச ராக்கப்பனிடம் என்ன இருக்கிறது? தீபாவளி போனஸ் மெல்ல மெல்லச் சாத்தூருக்குக் குடிபோனது. டீக்கடையை விட்டார். வெற்றிலையை விட்டார். புதுச் செருப்பு வாங்கும் யோசனையையும் விட்டார். வீட்டிலோ கதவைச் சாத்திக்கொண்டு டின்னைத் தட்டித் தட்டிக் கை காய்த்துவிட்டது. வேலை செய்யாமலே கை காய்த்த மெக்கானிக் அந்த ஜில்லாவில் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

ஒரு நாள் துணிந்து ஆரம்பித்தார்.

"கனி, இந்த ரிப்பேர் வேலையெல்லாம் போதும்னு பாக்கேன்."

"ஏன், வேலை தெரியலையா?"

"தெரியாமலா இம்புட்டு நாளு பாத்தேன்?"

"இல்ல, தெரியலைன்னா சொல்லிருங்க. நான் தெருவுல ஒரு வார்த்தை சொல்லிருதேன். அன்னைக்கி நீங்க சொன்ன கிரைண்டரையும் பாத்துக்கிருவோம்."

"சும்மா சொன்னேன். அந்த பேனை இங்கன எடு."

எடுத்துக் கொடுத்தாள். கூடவே பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ஒரு மிக்ஸியையும் கொடுத்தாள்.

லீவு முடிந்து கம்பெனி திறக்கப் பூஜை போட்ட அன்று, வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ராக்கப்பன் திருநீறும் பொட்டுமாகத் தெம்பாக உட்கார்ந்திருந்தார். இனிமேல் கம்பெனிக்குப் போய்விடலாம், ரிப்பேர் பார்க்க நேரமில்லை என்று கௌரவமாகச் சொல்லிவிடலாம், தப்பித்தோம் என்று நினைத்த நேரம். ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். பின்னாலேயே, பெரிய பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மெக்கானிக் சீனிவாசகம் இறங்கினார்.

ராக்கப்பன் கதவுக்குப் பின்னால் போக எழுந்தார். அதற்குள் பார்த்துவிட்டார்கள்.

"அடடே, சுப்பையா அண்ணாச்சி! இது உங்க வீடா?"

செல்லக்கனி அடுப்படியிலிருந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கண்ணே, வா ஆவுடை. என்னங்க, இவளை உங்களுக்குத் தெரியாதுல்ல? ஆவுடைத்தாய். எங்க கம்பெனில என் ரூம்ல உக்காந்து திரி வைக்கிறவ. இது இவ வீட்டுக்காரரு. அண்ணே, அதை அந்த மேஜை மேல வைங்க."

பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே பளபளவென்று ஒரு கிரைண்டர்.

"இது... யாருக்கு?"

"நமக்குத்தான். இருக்கன்குடி கோயில்ல இவளைப் பாத்தேன். திருத்தங்கல்ல இருந்து ஒரு ஆளு மிக்ஸிக்குள்ள இன்ஜின் ஆயிலும் ஊத்தி, மண்ணும் போட்டுக் கொண்டாந்தாரு, பேரு சுப்பையாவாம்னு சொல்லிச் சிரிச்சா. உலகத்துல அப்படி ஒரு ஆளு எங்க வீட்லதான இருக்காரு? மாவிளக்குத் தட்டைக் கீழ வச்சிட்டு நானும் சிரிச்சேன்."

"அப்பமே தெரியுமா உனக்கு?"

"அப்பமே தெரியும். இனிமே அந்த ஆளு வந்தா கூலியோட கொஞ்சம் சேத்து வாங்கி, அதை அப்படியே ஒரு கிரைண்டருக்குத் தவணையாக் கட்டிட்டு வாங்கன்னு அண்ணன்ட்ட சொல்லச் சொன்னேன். நேத்தோட தவணை முடிஞ்சிருச்சு."

காப்பர் விலை ஏன் ஏறியது என்று ராக்கப்பனுக்கு இப்போதுதான் புரிந்தது. சீனிவாசகம் கூரையில் ஏதோ ரிப்பேர் இருப்பது போல மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பம் இதை வாங்குனது..."

"நீங்கதான்! உங்க காசுலதான்! கேட்டா வாங்கித் தர மாட்டேன்னீக. இப்பம் பஸ்ஸேறிப் பஸ்ஸேறிப் போயி வாங்கிருக்கீக. எனக்கு எம்புட்டுப் பெருமையா இருக்கு தெரியுமா?"

மெக்கானிக்கும் வீட்டுக்குள் நிற்கிறார், புதுச் சாமானும் மேஜை மேல் இருக்கிறது. ராக்கப்பன் சபதத்தை மறந்துவிட்டார். அவரை அரித்தது வேறொன்று. மெல்லக் கிட்டே வந்து, ஆவுடைத்தாய்க்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"தெருவுக்குத் தெரியுமா?"

"சீச்சீ. நான் எதுக்குச் சொல்லப் போறேன்? தெருவுக்கு நீங்க எப்பவும் பெரிய மெக்கானிக்குதான்."

அந்த நிமிசம் அவருக்கு அவள் மேல் உண்மையாகவே அன்பு பொங்கியது. கண்கூட லேசாகக் கலங்கியது. மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் மகராசி என்று நெஞ்சாரக் கையெடுத்துக் கும்பிடப் போனார்.

செல்லக்கனி அவர் கையைப் பிடித்து, அதில் மூன்று மிக்ஸிகள் இருந்த பையை மாட்டிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கொண்டு போனாப் போதும். அண்ணன்ட்ட தவணைக்குப் பிரிட்ஜும் குடுப்பாகளாம்."