மைத்துனர் படைக்குப் புறப்பட்ட முந்நூறு துப்பாக்கிகள் குறித்து

ஆற்றங்கரை ஆயுதச்சாலை,
சீனக் குடியரசு பதினைந்தாம் ஆண்டு, இலையுதிர் காலம்.

என் மனைவியின் மூத்த அண்ணனும், ஜெனரலின் மூன்றாம் படைப்பிரிவுத் தலைவருமான மதிப்பிற்குரிய மைத்துனர் தாவ் கைமிங் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் ஃபூ ஜிங்சியன் பணிவுடன் எழுதுவது. குளிருக்கு முன்பே பஞ்சு மேலாடைகள் முகாமுக்கு வந்து, தாங்களும் தங்கள் குதிரையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை யூலானும் குழந்தைகளும் நலம். நானும் நலமே, இடது புருவம் ஒன்றைத் தவிர. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முப்பது வருஷம் உப்புக் கிடங்கில் தராசு பிடித்தவனைத் தாங்கள் சொன்ன ஒரு வார்த்தைக்காக இங்கே பரிசோதகராக உட்கார வைத்தார்கள். அளக்கத் தெரிந்தவனுக்கு உப்பு என்ன, துப்பாக்கி என்ன என்று நானும் வந்துவிட்டேன். மேலாளர் கெங் முதல் நாளே ஒரு ஜெர்மன் துப்பாக்கியை மேசைமேல் வைத்து, "இதுதான் அசல். இதே மாதிரி இருந்தா முத்திரை குத்துங்க, இல்லாட்டி திருப்பி அனுப்புங்க. அவ்வளவுதான் வேலை" என்றார். ஒப்பிட ஒப்பிடத்தான் குழப்பம் ஆரம்பித்தது. அசலில் குறிபார்க்கும் தகட்டின் ஓரத்தில், யாரோ எதிலோ இடித்ததுபோல் ஒரு வெட்டு இருந்தது. புதிதாகச் செய்து வந்த ஒவ்வொரு துப்பாக்கியிலும் அதே வெட்டு, அரத்தால் அழகாக அராவப்பட்டு இருந்தது. ஆனால் குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் போட்டால் உள்ளே போகவில்லை. அரம் பிடிப்பவர்களின் மேஸ்திரி மூ என்பவரிடம் கேட்டேன்.

"வெட்டு எதுக்குன்னு எனக்கும் தெரியாது, உப்புக்காரரே. ஜெர்மன்காரன் காரணமில்லாமலா வெட்டியிருப்பான்? போல்ட்டு சங்கதி வேற. ஒவ்வொண்ணையும் அந்தந்தக் குழலுக்குன்னே கையால அராவுறோம். உங்க பல்செட்டை என் மாமனார் வாயில வெச்சாப் பொருந்துமா?"

"எனக்குப் பல்செட்டு இல்லையே" என்றேன்.

"அப்ப உங்களுக்குப் புரியாது" என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு, மேலாளரின் மூட்டுவலிக்கு மருந்து கொடுக்க வரும் ஜெர்மன் பாதிரியார் ஒருநாள் என் மேசையிலிருந்த அசலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது எங்க நாட்டுச் சரக்கு இல்லையே. ஊர்ப் பேரையே தப்பா எழுதியிருக்கு, கடைசி எழுத்து தலைகீழா நிக்குது" என்று நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார். விசாரித்தால், போன வருஷச் சண்டையில் எதிரியிடம் பிடித்ததாம். ஆற்றின் கீழ்ப்பக்கத்துப் பட்டறை ஒன்றில் அவர்கள் செய்துகொண்ட நகலாம். அப்படியானால் இரண்டு மாதமாக நான் எதை எதோடு ஒப்பிட்டேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மேலாளரிடம் சொன்னதற்கு, "நகலைப் பாத்து நகல் எடுக்குறது இன்னும் கஷ்டமய்யா. பெருமைப்படுங்க" என்றார்.

அசல் எதுவென்று தெரியாவிட்டால் சுட்டாவது பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். முத்திரை குத்துகிறவரே சுடட்டும் என்று உத்தரவாயிற்று. என் ஆயுளில் நான் சுட்டது சோளக்கதிர் மட்டும்தான். ஆற்றங்கரையில் மூ பக்கத்தில் நின்று சொல்லித்தர, ஏழு துப்பாக்கிகள் நல்லபடியாகவே சுட்டன. ஒன்றில் போல்ட் சிக்கியதை மரச்சுத்தியால் தட்டித் திறந்தார். எட்டாவதில் குழலின் அடி பிளந்தது. என்ன நடந்ததென்று புரிவதற்குள் நான் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். புருவத்தைக் காணோம். காதில் இப்போதும் சில்வண்டு கத்துகிறது. மூ என்னைத் தூக்கிவிட்டுப் பிறகு உடைந்த துண்டைப் பொறுக்கிப் பார்த்தார்.

"முந்தின ஏழும் நல்ல எஃகு. இது பழைய தண்டவாளம். எஃகு தீந்துபோச்சுன்னு மேலாளர் எறக்குனாரு. நான் தொடமாட்டேன்னேன், வேற ஆளை வெச்சு முடிச்சிட்டாரு. இது மாதிரி இன்னும் தொண்ணூறு இருக்கு, உப்புக்காரரே."

நல்ல எஃகில் செய்த இருநூற்றுப் பத்தை மூ பிரித்துக் கொடுத்தார். அவற்றுக்கு மட்டும் முத்திரை குத்தினேன். மேலாளர், "எல்லாமே உங்க மச்சான் படைக்குத்தான் போகுது. சொந்தக்காரருக்கே தாமதம் பண்ணுவீங்களா?" என்றார். அதுவரை எனக்கு அது தெரியாது. வீட்டுக்கு வந்து யூலானிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கண்ணன் உங்களுக்கு வேலை வாங்கிக் குடுத்தாரு. நீங்க அவருக்கு இதைக் குடுக்கப் போறீங்களா?"

"குத்தமாட்டேன்னு சொல்லிட்டேன்."

"நீங்க சொல்லுவீங்க. மேலாளரு ரெண்டு தடவை அதட்டினா குத்திடுவீங்க. முத்திரையை எங்கிட்டக் குடுங்க" என்று வாங்கி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள்.

ஆனாலும் நேற்றுக் காலை முந்நூறையும் படகில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். படகு அங்கே வர ஐந்து நாள் ஆகும். தபால் குதிரை மூன்று நாளில் வந்துவிடும். ஆகவே, மைத்துனர் அவர்களே, துப்பாக்கிக் கட்டையின் அடியில் என் முத்திரை இருந்தால் தயங்காமல் சுடச் சொல்லுங்கள். முத்திரை இல்லாத தொண்ணூறையும் ஆற்றில் போட்டுவிடுங்கள். அடையாளம் தெளிவானது, குழப்பத்துக்கு இடமே இல்லை.

முன்னோர்கள் தங்கள் தலைமாட்டில் நின்று காக்கட்டும். தங்கள் வீரர்கள் கண்ணும் கையும் குறையாமல் வீடு திரும்பட்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள
ஃபூ ஜிங்சியன்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு மூ வந்ததால் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். மேலாளர் பேரிமரத்தில் என் முத்திரையைப் போலவே இன்னொன்று செதுக்க வைத்து, படகு கிளம்புமுன் அந்தத் தொண்ணூறுக்கும் குத்திவிட்டாராம். மூ அதை எடுத்து வந்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்; எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. விளிம்பில் ஒட்டியிருந்த அரிசித் தவிட்டை வைத்து யூலான்தான் சொன்னாள். ஆகவே மேலே எழுதிய அடையாளம் செல்லாது. குழலைத் தட்டினால் சத்தத்திலேயே தண்டவாளத்தைக் கண்டுபிடித்துவிடுவேன் என்கிறார் மூ. நாங்கள் இருவரும் நாளைப் படகில் வருகிறோம். அதுவரை ஒருவரும் சுட வேண்டாம். எதிரி முன்னதாக வந்துவிட்டால் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள்.