பரிதி வயிற்றுக் கருவாடு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கைக்குழந்தையோடு வந்தவர்கள் மின்விசிறிக்குக் கீழே வந்துவிடுங்கள். நடுவில் அது அழுதால் எழுந்து போக வேண்டாம், நான் நிறுத்திக்கொள்கிறேன். கருவாட்டை நக்கிக்கூடப் பார்க்காத ஒரு பிள்ளையின் வயிற்றிலிருந்து கருவாடு எடுக்கப்பட்ட வரலாற்றைச் சொல்லப் போகிறேன்.

திருவிடைமருதூரைத் தாண்டிப் போகும் சாலையில், வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. செவ்வாயும் வெள்ளியும் விடிவதற்குள் வரிசை நின்றுவிடும். மயிலாடுதுறையிலிருந்து வேன் பிடித்து வருவார்கள். முத்துப்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார்கள். வாசலில் ஃப்ளெக்ஸ்: ‘தொக்கம் எடுக்கும் கோவிந்தராசு சாமி. மூன்று தலைமுறைக் கைராசி. ஸ்கேனில் தெரியாததும் சாமிக்குத் தெரியும்.’

அதில் பொய்யே இல்லை. ஸ்கேன் எடுப்பவர் வயிற்றில் இருப்பதை மட்டும்தானே பார்ப்பார்?

தொக்கம் என்றால், தின்றது செரிக்காமல் குடலில் ஒட்டிக்கொண்டு நிற்பதாம். குழந்தை அழுதால் தொக்கம். அழாமல் இருந்தால் பெரிய தொக்கம். சாமி ஒரு பித்தளைக் குழாயைக் குழந்தையின் தொப்புளில் வைத்து, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சுவார். பிறகு எவர்சில்வர் கிண்ணத்தில் துப்புவார். உள்ளே ஒரு பருப்பு உருண்டை இருக்கும். அல்லது இட்லித் துண்டு. குழந்தையின் தோலில் ஒரு கீறல் இருக்காது. பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்னும் கத்தியை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார்கள், பாவம்.

உள்ளே விடுவதற்கு முன் சாமியின் கொழுந்தியாள் ஒரு சீட்டு எழுதுவாள். குழந்தையின் பெயர், கடைசியாக என்ன தின்றது. சீட்டு திரைக்குப் பின்னால் போகும். சாமிக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இனி பூவிழி. மகன் பரிதிக்கு ஆறு மாதம் முடிந்ததும் பருப்பு சாதத்தைக் குழைத்து, நெய்யில் சீரகமும் பூண்டும் தாளித்து ஊட்டினாள். பரிதி துப்பினான். முதல் வாயைத் துப்பாத குழந்தை உண்டா? ஆனால் மாமியார் அம்சம் நடுங்கிப் போனாள். தன் முதல் பெண்ணை எட்டு மாதத்தில் வயிற்றுப்போக்குக்குப் பறிகொடுத்தவள் அவள். அன்றைக்கே இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள். சாமி பருப்பு உருண்டையை எடுத்துக் காட்டினார்.

“தாளிப்பு கொடலச் சுடும். ஒன்றரை வயசு வரைக்கும் வீட்டுச் சாப்பாட்டு வாசனையே இவனுக்கு ஆவாது,” என்று சொல்லி, ஒரு வெள்ளை மாவுப் பொட்டலத்தையும் கொடுத்தார். சாமியின் சொந்தத் தயாரிப்பு.

மூன்று மாதம் மாவுக்கஞ்சி. அங்கன்வாடியில் சாஜிதா டீச்சர் பரிதியைத் தராசில் வைத்தாள். எழுதினாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

“ஆறாம் மாசம் ஏழு கிலோ எரநூறு. இப்ப ஒம்பதாம் மாசம், ஆறு தொள்ளாயிரம். வளர்ற புள்ள எறங்கக் கூடாது பூவிழி. எடை அட்டையில பச்சையில இருந்த கோடு மஞ்சளுக்கு வந்துருச்சு. இன்னும் எறங்குனா ஆஸ்பத்திரிதான். என்ன குடுக்குற?”

“சாமி குடுத்த மாவு டீச்சர்.”

“நீங்க என்ன திங்கிறீங்களோ அதக் குடு. உப்பும் மொளகாயும் போடுறதுக்கு முன்னாடி அவன் பங்க எடுத்துரு. சீரகம், பூண்டு, கறிவேப்பில எல்லாம் இருக்கட்டும். நல்லா மசிச்சு ஊட்டு. முட்டை குடு, முள்ளு பாத்து மீன் குடு.”

“எங்க அத்தை விட மாட்டாங்க.”

அத்தை விடவில்லை. “எடை கொறையுதுன்னா தொக்கம் இன்னும் பாக்கி இருக்குன்னு அர்த்தம். வெள்ளிக்கெழம போவோம்.”

பூவிழி சண்டை போடவில்லை. “சரி அத்தை. ஆனா நான் ஒரு டப்பாவுல பருப்பு சாதம் எடுத்துட்டு வருவேன். சாமி இவன் பேரச் சொல்லி வாழ்த்தி, ஒரு வாய் சாப்புட்டுக் காட்டட்டும். மாட்டேன்னா அப்பறம் நான் சோத்துப் பேச்சே எடுக்கல.”

அம்சத்துக்கு இது நியாயமாகப் பட்டது.

பூவிழி அந்த மூன்று மாதமும் ஒரே ஒரு படிப்புத்தான் படித்திருந்தாள்: துப்பும் பிள்ளையின் வாயைப் பார்ப்பது. கஞ்சியை விழுங்காமல் ஒதுக்கி வைத்திருக்கும் கன்னம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போன முறை, குழாய் தொப்புளைத் தொடுவதற்கு முன்பே, சாமியின் இடது கன்னம் அப்படித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை.

“கடைசியா என்ன குடுத்தீங்க?” என்றாள் கொழுந்தியாள்.

“நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு.”

அம்சம் பதறித் திரும்பினாள். “அடிப்பாவி, எப்பக் குடுத்த?”

“சொல்றேன் அத்தை. பொறுங்க.”

கொழுந்தியாளின் பேனா நின்றது. “பருப்பு, இட்லின்னு வேற எதுவும் குடுக்கலியாக்கா?”

“கருவாடுதாங்க.”

அன்று சாமி கூப்பிட அரை மணி நேரமானது. திரைக்குப் பின்னால் எண்ணெய் காயும் சத்தம் கேட்டது. வரிசையில் நின்ற ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

“கருவாடு வாசன வருதுல்ல?”

“சும்மா இருங்க. சாமி ஞானத்துல பாக்குறாரு. புள்ள வயித்துல இருக்கறது இங்க வரைக்கும் மணக்குது,” என்றார் பக்கத்தில் நின்றவர். நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஒருவழியாக உள்ளே அழைத்தார்கள். சாமி கண்ணை மூடி, வாயை மூடி அமர்ந்திருந்தார். மந்திரம் உள்ளுக்குள் ஓடுகிறதாம். பாயைக் காட்டி, பிள்ளையைப் படுக்க வை என்று சைகை செய்தார். பூவிழி பரிதியை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

“அவன் பேரச் சொல்லி ஒரு வார்த்த வாழ்த்துங்க சாமி.”

சாமி கையை உயர்த்தினார்.

“கையால இல்ல சாமி. வாயால.”

“ம்ம்.”

“பரிதி. மூணே எழுத்துதான் சாமி.”

“ம்ம்ம்ம்.”

“சாமி மௌனத்துல இருக்காரு, ஏம்மா தொல்ல பண்ற?” என்றது வாசலில் கூட்டம்.

“சரி, பேச வேணாம். ஒரு வாய் சாப்புடட்டும்.” பூவிழி டப்பாவைத் திறந்தாள். நெய் மணந்தது. சாமி தலையை ஆட்டினார், வேகமாக.

இந்த இடத்தில்தான் பக்தி குறுக்கே வந்தது. அம்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “புள்ளையோட பங்கு சாமி. ஒரே வாய். தட்டாதீங்க சாமி,” என்று கண் கலங்க ஒரு கவளம் உருட்டினாள். அடம்பிடிக்கும் வாய்களுக்கு ஊட்டி ஊட்டிப் பழகிய கை. இடது கையால் தாடையை லேசாக அழுத்தினாள். வாய் திறந்தது.

கவளம் உள்ளே போவதற்குள் வேறொன்று வெளியே வந்தது. சாமி இருமினார். பாயில் ஒரு கருவாட்டு உருண்டை விழுந்தது. அதிலிருந்து ஒரு நெத்திலித் தலை கூட்டத்தைப் பார்த்தது.

பித்தளைக் குழாய் சாமியின் மடியிலேயே கிடந்தது. பரிதி அம்மாவின் இடுப்பிலேயே இருந்தான். நோயாளியைத் தொடாமலேயே சிகிச்சை முடிந்திருந்தது.

“எம் புள்ள பொறந்ததுலேர்ந்து கருவாடு தின்னதே இல்ல,” என்றாள் பூவிழி. “கருவாடு சீட்டுல மட்டுந்தான் இருந்துச்சு.”

சாமிக்குப் பேச்சு வந்துவிட்டது. “அது வந்து... வயித்துல இருந்தத நான் முன்கூட்டியே ஞானத்தால இழுத்து...”

“தின்னாத கருவாட்டையா?” என்றார் அதே மூக்கு உறிஞ்சியவர். கொட்டகை சிரித்தது.

அம்சம் சிரிக்கவில்லை. கையில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“முப்பத்தஞ்சு வருசம் முன்னாடி, இதே எடத்துல, உங்க அப்பா எம் பொண்ணு வயித்துலேர்ந்து ஒரு கொண்டக்கடலைய எடுத்தாரு. மூணு நாளைக்குத் தண்ணிகூடக் காட்டாதேன்னாரு. நான் காட்டல. நாக்கு வறண்டு என் மூஞ்சியவே பாத்துச்சு. அப்பவும் காட்டல. மூணாம் நாளு போயிட்டா. அந்தக் கடலையும் இப்புடித்தானா?”

இப்போது சாமியின் வாயில் ஒன்றும் இல்லை. குழாயை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்.

கூட்டம் கலைந்தது. அறிவு வந்து கலைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். “இவன் போலி. ஆத்துக்கு அக்கரையில ஒருத்தர் இருக்காராம், அவருதான் நெசம்,” என்று பேசிக்கொண்டே பத்துப் பேர் ஆட்டோ ஏறினார்கள்.

அம்சம் கை கழுவிவிட்டு வந்து மதகுக் கட்டையில் உட்கார்ந்தாள். பரிதியை மடியில் வாங்கி, டப்பாவிலிருந்து ஒரு வாய் ஊட்டினாள். துப்பினான். இன்னொரு வாய். அதையும் துப்பினான்.

“துப்புடா ராசா, துப்பு. அப்பாயிகிட்ட இன்னும் இருக்கு.”

மூன்றாவது வாயை விழுங்கினான். நான்காவதுக்கு அவனே வாயைத் திறந்தான். அடுத்த மாதம் சாஜிதா டீச்சரின் தராசு ஏழு கிலோ நூற்றைம்பது காட்டியது. அதற்கு ஃப்ளெக்ஸ் எதுவும் வைக்கவில்லை.

உங்கள் பிள்ளையின் வயிற்றில் இருப்பதை எடுத்துக் காட்டுகிறேன் என்று எவன் வந்தாலும், கண்ணுகளா, முதலில் உன் வாயைத் திறந்து காட்டு என்று கேளுங்கள். கேட்டால் சாமி குற்றமாகிவிடும் என்று பயமாக இருக்கிறதா? கேட்காததற்குத்தான் அம்சம் முப்பத்தைந்து வருடமாக அழுகிறாள்.

உங்கள் வீட்டுக் குழந்தைகள் சோற்றை முகமெல்லாம் பூசிக்கொண்டு, பாதியைத் தரையில் கொட்டி, மீதியில் வயிறு நிறைந்து வளரட்டும். வளர்ந்து, வீடே சலித்துப்போகும்படி ‘ஏன், ஏன்’ என்று கேட்கட்டும். பதில் சொல்ல உங்களுக்கு நீண்ட ஆயுள் இருக்கட்டும்.