டொமைன் காக்காவும் பழைய கேட்டும்

டொமைன் காக்காவைப் போல ஒரு பிடிவாதக்காரர் கல்முனையில் பிறந்ததுமில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. கடைகளுக்கு வெப்சைட் செய்து, அதற்கு டொமைன் என்கிற முகவரியும் எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். ஊருக்கே அவர் காக்கா, அதாவது அண்ணன்; உம்மா வாப்பா வைத்த பேர் என்னவென்று அவருடைய மருமகனுக்கே ஞாபகம் இருக்குமோ என்னவோ!

லுங்கி, சாரன் விற்கும் என் கடையின் பேரை மாற்றியபோது வெப்சைட்டுக்கும் புது முகவரி எடுத்துத் தந்தார். பழைய முகவரிக்குப் போகிறவர்களைப் புதியதற்கு அனுப்பிவைக்கும் ரீடைரெக்டையும் போட்டுவிட்டார். ஆனால் நெட்டில் தேடினால் மாதக்கணக்காகப் பழைய பேர்தான் முன்னால் வந்து நிற்கிறது! எனக்கு விசர் பிடித்தது.

"காக்கா, அந்தப் பழைய டொமைன இழுத்து மூடுங்க!"

"அல்லாட காவல்! மூடினா வாறவன் ரோட்டுலதான் நிப்பான் தம்பி. பழைய பேரச் சொல்லித் தேடுறவனுக்கு அவனுக்குப் பழகின பேரத்தானே காட்டும்? அத அமத்தி உள்ள போனாலும் உன்ட புதுக் கடைக்குத்தானே வாறான்? மெல்ல மெல்லப் புதுசும் பழகும்."

சொன்னதோடு விட்டாரா? நான் களவாக மூடிவிடுவேன் என்ற பயத்தில் தினமும் கடைக்கு வந்து, என் போனை வாங்கிப் பழைய முகவரியைத் தட்டிப் பார்த்தார். பெருநாள் தொழுகை முடிந்து கட்டிப்பிடித்து ஸலாம் சொல்லும்போதும் காதுக்குள் கேட்டார்: "பழையது திறக்குதா?"

எங்கள் ஊரில் மகளைக் கட்டிக்கொடுத்தால், இருந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் வேறு வீடு பார்ப்பார்கள். காக்காவும் என் பக்கத்து வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் சின்னதாக ஒன்று கட்டிப் போனார். அவர் மனைவி மரியம் ராத்தாவுக்கு இப்போது ஞாபகம் தடுமாறுகிறது. பின்னேரமானால் "ஊட்ட போறன்" என்று வீட்டுக்குப் புறப்பட்டு, நேரே பழைய வீட்டுக் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். மகள் மறுத்து ஒரு சொல் சொல்லமாட்டாள். தேத்தண்ணி கொடுத்து, "வாங்கம்மா, ஊட்ட போவம்" என்று கையைப் பிடித்துக் கடற்கரை வீட்டில் கொண்டுபோய் விடுவாள்.

போன மாதம் மருமகன் கட்டாருக்குக் குடும்ப விசா எடுத்துவிட்டார். எல்லோரும் போவதால் வீட்டைப் பூட்ட வேண்டி வந்தது. வீட்டைக் கொடுத்தபோது வாய் திறக்காத காக்கா மருமகனுக்கு முன்னால் நின்று அழுதார்.

"மகன், ஊட்டப் பூட்டுங்க. கேட்ட மட்டும் பூட்டாதீங்க. பூட்டிக் கிடந்தா அவ எங்க போவா?"

"திறந்து கிடக்கிற கேட்டுக்கு ஆரு மாமா பொறுப்பு?"

அவர் கேட்டதும் நியாயம்தான். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் இரிக்கன்!" என்றேன்.

இப்போது பின்னேரம் அஸர் தொழுததும் கடையைப் பெண்சாதியிடம் விட்டுவிட்டு, அந்தக் கேட்டடியில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்காருகிறேன். ராத்தா வருவார். என் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சீனி காணாது என்று ஏசுவார். "வாங்க ராத்தா, ஊட்ட போவம்" என்று கூட்டிக்கொண்டு நடப்பேன். பாதி வழியில் காக்கா எதிரே வருவார். ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

"பழையது திறக்குதா தம்பி?"

"ஓம் காக்கா. நான் இரிக்கும் மட்டும் திறந்துதான் கிடக்கும்."