மூன்றாவது படிவத்தில் ஒரு கட்டம்

இது புரட்டாசியில் நடந்ததா, ஐப்பசியிலா என்று எனக்கு நிச்சயமில்லை. அன்று சங்கரன்கோவில் முழுக்க மின்சாரம் இல்லை என்றே என் நினைவு சொல்கிறது. ஆனால் திருச்சபை அலுவலகத்தில் கணினி ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே என் நினைவை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

கணினி முன்னால் ஜெர்சோன் உட்கார்ந்திருந்தான். சபையின் கிளார்க்காக அவனை மூன்று மாதச் சோதனையில் எடுத்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் அவன் கட்டிக்கொள்ள இருந்த டெபோராவின் அப்பா நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பார்.

ஞாயிறுதோறும் ஆராதனையில், அந்த வாரம் பிறந்தநாளோ திருமணநாளோ வருகிறவர்களின் பெயரை வாசிப்பார்கள். அவர்கள் முன்னால் வந்து நிற்க, போதகர் ஜெபிப்பார். அந்தப் பட்டியலுக்காக ஜெர்சோன் பழைய நோட்டை எல்லாம் கணினியில் ஏற்றியிருந்தான். திரையில் தெருவுக்கு ஒரு படிவம், அதற்குள் குடும்பத்துக்கு ஒரு படிவம், அதற்குள் ஆட்களுக்கு ஒரு படிவம். வெளிப்படிவத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் மூன்றாவது படிவத்திலிருந்து பெயர் வர வேண்டும்.

பன்னிரண்டு வரியிலும் பெயருக்குப் பதில் கேள்விக்குறி வந்தது.

சபைச் செயலாளர் பவுல்பாண்டியன் தாளை வாங்கிப் பார்த்தார். "ஏலே, நம்ம சபையில ஒருத்தனுக்குக் கூடவா பேரு இல்ல?"

"உள்ள இருக்க ஃபார்மோட பேரச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. அது உக்காந்திருக்க கட்டத்தோட பேரத்தான் சொல்லணும்."

"வீட்டுக்காரன் பேரச் சொன்னா தெரியாது, கதவு நம்பரச் சொன்னாத்தான் தெரியுமாக்கும். நல்ல மிஷின்தாம்லே."

கட்டத்தின் பெயரைச் சொன்னான். பெயர்கள் வந்தன. ஞாயிறன்று வாசிக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. உள்படிவத்தில் கர்சர் எந்த வரியில் நிற்கிறதோ அதைத்தான் பொத்தான் எடுக்கிறது. திறந்தவுடன் அது நிற்பது முதல் வரியில். முதல் வரியில் இருப்பவர் குடும்பத் தலைவர்.

"முதலாவது பிறந்தநாள் காணும் பவுல்பாண்டியன்" என்று போதகர் வாசித்தார்.

ஒரு வயது நிறைகிற பேரனைத் தூக்கிக்கொண்டு எழுந்த அவர் மருமகள் மறுபடி உட்கார்ந்தாள். வாசித்த பின் போகாமலிருப்பது மரியாதையில்லை என்று, அறுபத்தெட்டு வயதுப் பவுல்பாண்டியன் முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றார்.

வெளியே வந்ததும் ஜெர்சோனைக் கூப்பிட்டார். "அடுத்த வாரம் எனக்கு ஞானஸ்நானமாலே? முன்னாடியே சொல்லிரு, வெள்ளச் சட்ட தைக்கக் குடுக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு தப்பு வந்தா கமிட்டி வேற ஆளப் பாத்துக்கிடும்."

அந்த வாரம் ஜெர்சோன் கண்ணை மூடினாலும் படிவங்களுக்குள்ளேயே நடந்தான். தெருவைத் திறந்தால் வீடு, வீட்டைத் திறந்தால் ஓர் அறை, அறையில் வரிசையாக மனிதர்கள். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். 

ஒரு வரிகூட விடாமல் படிக்கும்படி பொத்தானை மாற்றினான்.

அது ஒருவரையும் விடவில்லை. 'காலமானவர்' என்ற கட்டத்தில் டிக் இருந்தவர்களையும் விடவில்லை.

"திருமணநாள் காண்போர், ஜோன்ஸ், ஜெயபாய்."

ஜோன்ஸ் இறந்து மூன்று வருடத்துக்கு மேலாகிறது.  ஓய்வுபெற்ற ஆசிரியை ஜெயபாய் மெதுவாக எழுந்து, தனியாக முன்னால் போய், பக்கத்தில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் விட்டு நின்றார்.  போதகர் ஜெபித்தார்.

மாலையில் கமிட்டி கூடியது. ஜெயபாய் கையில் ஒரு புகார்க் கடிதத்தோடு வந்தார்.

"மன்னிச்சிருங்க டீச்சர்" என்றான் ஜெர்சோன். "அந்த டிக்கப் பாக்கச் சொல்லி மாத்திட்டேன். இனிமே உங்க பேரு வரவே வராது."

அவர் கடிதத்தைப் பிரித்தார்.

பவுல்பாண்டியன் கடிதத்துக்குக் கை நீட்டினார். "காலையில வாசிச்சதப் பத்தித்தான டீச்சர்?"

"காலையில சரியாத்தான வாசிச்சீங்க. இந்த வாரம்தான் எங்க கல்யாண நாளு" என்றார் ஜெயபாய். "நான் எழுதியிருக்கது, வாசிக்காம விட்ட மூணு வருசத்தப் பத்தி."

ஜெர்சோனின் வேலை நிரந்தரமானது. அடுத்த மே மாதம் அவனுக்கும் டெபோராவுக்கும் கல்யாணம் நடந்தது. பவுல்பாண்டியன் இப்போதும் செயலாளர்தான். இரண்டு பெயரையும் சேர்த்து வாசிக்க, ஜெயபாய் வருடத்துக்கு ஒருமுறை முன்னால் போய் நிற்கிறார்.